படத்தில் இல்லாத கிழவி

மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு வாய் நீளம். அதனாலதான் மடிப்பு ரூம்ல எனக்கு ஸ்பீக்கர்னு பேரு. ஆனா இது என்னைப் பத்தின கதை இல்ல. எங்க ரேடியோக்காவைப் பத்தினது.

ரேடியோக்கா வளர்ந்தது பாதி வீட்டுல, பாதி பஸ்ஸுல. அவங்க அப்பா பஸ் டிரைவர். வீட்டுல பாத்துக்க ஆள் இல்லாததால, ஸ்கூல் விட்டதும் பொண்ணைத் தன் சீட்டுக்குப் பின் சீட்டுல உக்கார வெச்சுக்குவாராம். அவருக்குக் கண்ணு சொக்காம இருக்க இந்தப் பொண்ணு சத்தமா படிச்சுக்கிட்டே வரணும். பாடப் புஸ்தகம், பழைய வாரப் பத்திரிகை, யாரோ சீட்டுல விட்டுட்டுப் போன நோட்டீஸ், எது கையில கிடைச்சாலும் படிக்கணும். இன்ஜின் சத்தத்தைத் தாண்டிக் குரல் போகணும், ஆனா கத்தக் கூடாது, கத்தினா பின்னாடி இருக்கறவங்க வள்ளுனு விழுவாங்க. அப்படிப் பழகின குரல் அது. அப்பா போனதுக்கு அப்புறம் ஒண்டிக்கட்டை. ஒரு பழைய கட்டடத்துல மேல் மாடியில ஒரு ரூம், ஒரு அடுப்பு, ஜன்னல் மறைய புஸ்தகம். கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கல. அம்மாவைப் பத்திக் கேட்டா ‘இல்ல’ம்பாங்க, அவ்வளவுதான். இல்லன்னா செத்துப் போயிட்டாங்கன்னு நாங்க எடுத்துக்கிட்டோம். வேற எப்படி எடுத்துக்கறது, சொல்லுங்க.

மடிப்பு ரூம் ஆஸ்பத்திரியோட அடித்தளத்துல இருக்கு. பக்கத்து ரூம்ல சலவை மெஷின் ஓயாம கடகடன்னு ஓடும். அங்க துவைச்சுக் காய வெச்ச துணி எல்லாம் எங்க மேஜைக்கு வரும். விரிப்பு, தலையணை உறை, நோயாளிங்க போடற நாடா வெச்ச சட்டை. ரெண்டு பேர் விரிப்பைப் பிடிச்சு உதறி, முனைக்கு முனை சேத்து மடிக்கணும். மேல நர்ஸ் ஒரே இழுப்புல பிரிச்சுப் போடற மாதிரி விளிம்பு வெளியே தெரியணும். கிழிஞ்சதைத் தனியா எடுத்துப் பெரியக்கா பக்கம் தள்ளணும், அவங்கதான் தைப்பாங்க. எங்க எல்லாருக்கும் மூத்தவங்க, எழுதப் படிக்கத் தெரியாது, வாயைத் திறந்தா ஒரு நாளைக்கு நாலு வார்த்தை வரும். எங்கள்ல சின்னவ குண்டூசி. எப்பப் பாத்தாலும் உதட்டுல ஒரு ஊசியைக் கடிச்சுக்கிட்டே பேசுவா, பேச்சும் அதே மாதிரி குத்தும். நான் மடிப்பேன், டீக்கு அப்புறம் வண்டியில அடுக்கி வார்டுக்குத் தள்ளிட்டுப் போவேன். ஆக நாங்க நாலு பேர்.

கை வேலை செய்யுது, காது சும்மா கிடக்குது. அதனால எங்க ரூம்ல ஒரு ஏற்பாடு. காலையில ரேடியோக்கா ஸ்டூல்ல உக்காந்து கதை படிப்பாங்க, அவங்க பங்குத் துணியை மத்த மூணு பேரும் சேத்து மடிச்சுடுவோம். சூப்பர்வைசர் மொதல்ல முறைச்சார். வேலை நேரத்துக்கு முடிஞ்சுடுதுன்னு தெரிஞ்சதும் முறைப்பெல்லாம் போச்சு, அந்த மனுஷனே வாசல்ல சாஞ்சு நின்னு ‘நேத்து எங்க விட்டீங்க?’ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டார். எங்களுக்கு ரேடியோ, ஸ்பீக்கர்னு பேர் வெச்சதும் அவர்தான். அக்கா கீழ படிக்கறதை நான் மேல வார்டு வார்டா போய் ஒலிபரப்பறேனாம். பொய் இல்ல.

போன மழைக்காலத்துல அக்கா ஒரு நாவலை ஆரம்பிச்சாங்க. தலையணை தடிமன், பழுப்புத் தாள்ல அட்டை போட்டது. ஆத்தங்கரையில ஒரு பெரிய வீடு, மூணு அண்ணன் தம்பிங்க, படகுத் துறை யாருக்குன்னு சண்டை. நல்ல கதைதான், ஆனா ஆம்பளைங்க அடிச்சுக்கறதை எத்தனை நாள் கேக்கறது? நான் கொட்டாவி விட்டுக்கிட்டிருந்தேன். அப்ப ஒரு நாள், வெளியே மழை கொட்டுது, அக்கா தலைமுடி ஈரம் காயாம வந்து உக்காந்தாங்க. அண்ணன் தம்பிங்களை ஒரு பக்கம் படிச்சாங்க. கொஞ்சம் நிறுத்தினாங்க. அப்புறம் படிச்சாங்க பாருங்க.

‘யாரோ பின்கதவைத் தட்டினார்கள். சமையல்காரி போய்த் திறந்தாள். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கிழவி நனைந்தபடி நின்றாள். “உள்ளே வரட்டுமா?” என்று கேட்டாள்.’

எனக்குக் கொட்டாவி பாதியில நின்னு போச்சு.

அந்தக் கிழவி, அந்த வீட்டுச் சமையக்காரியோட அம்மா. சின்னப் பொண்ணா இருக்கறப்ப விட்டுட்டுப் போனவ. எப்படி விட்டுட்டுப் போனான்னு அக்கா அடுத்த நாள் படிச்சாங்க. ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பொண்ணு ஸ்கூல் விட்டு வருது, வீடு பூட்டிக் கிடக்குது. தட்டிப் பாக்குது. அம்மா கடைக்குப் போயிருக்கும்னு படியில உக்காந்துக்கிட்டு வீட்டுப்பாடம் எழுதுது. எழுதி முடிச்சு, பென்சிலைச் சீவி, பையில வெச்சு, மறுபடி எடுத்து மறுபடி சீவுது. அப்பா வர்றப்ப பென்சில் விரல்கடை அளவுதான் இருந்துச்சாம். என் பொண்ணுக்கு அப்ப அதே வயசு.

அதுக்கப்புறம் அண்ணன் தம்பிங்க எக்கேடு கெட்டா எங்களுக்கென்ன? தினமும் வந்ததும் வராததுமா ‘கிழவி என்ன ஆனா?’தான். கிழவி ரெண்டு நாள் வரமாட்டா. அப்புறம் வந்து நிப்பா. ஒரு வாட்டி குடிக்கத் தண்ணி கேட்டா. சமையக்காரி செம்புல தண்ணி குடுத்தா, ஆனா உள்ள கூப்பிடல. ஏன் போனேன்னு கிழவியும் சொல்லல, இவளும் கேக்கல. ஒரு நாள் அக்கா புஸ்தகத்துல விரலை வெச்சு மூடிக்கிட்டு எங்களையே கேட்டாங்க. ‘நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?’

நான்தான் மொதல்ல வாயைத் திறந்தேன். வேற யாரு. ‘பெத்துப் போட்டுட்டா மட்டும் அம்மாவா? அந்தக் குழந்தை படியில உக்காந்திருந்துச்சே, அப்ப எங்க போனா இந்த மகராசி? மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தச் சொல்லுங்க!’ குண்டூசி ஊசியைக் கையில எடுத்துட்டு, ‘வயசானதும் சோறு போட ஆள் வேணும், அதான் பாசம் பொங்குது. சாத்தணும்’னா. பெரியக்கா தலையை ஆட்டினாங்க, ஆமாவா இல்லையான்னு ஒண்ணும் புரியல. வாசல்ல நின்ன சூப்பர்வைசர்கூட ‘சாத்தறதுதான் ஞாயம்’னார்.

மறுநாள் அக்கா படிச்சாங்க. ‘சமையல்காரி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். கிழவி படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது.’

நாங்க கை தட்டினோம். விரிப்பைக் கீழ போட்டுட்டுத் தட்டினோம். குண்டூசி விசில் அடிச்சா. அக்கா புஸ்தகத்தை மூடிட்டு மூஞ்சி கழுவப் போனாங்க. கிழவி அப்புறம் வரவே இல்ல. அண்ணன் தம்பிங்க அடிச்சுக்கிட்டு, ஒருத்தன் செத்து, புஸ்தகம் முடிஞ்சு போச்சு.

அதுக்குப் பிறகு ஒரு பழக்கத்தை நான் கவனிச்சேன். டீ நேரத்துல அக்கா போன் மேஜை மேல கிடந்து உறுமும். அவங்க எட்டிப் பாத்துட்டுக் கவுத்து வெச்சுடுவாங்க. யாருன்னு கேட்டா ‘ராங் நம்பர்’ம்பாங்க. தினமுமா ஒரே நேரத்துல ராங் நம்பர் வரும்? யாரோ ஒருத்தன் பின்னாடி சுத்தறான்னு நானும் குண்டூசியும் கண்ணடிச்சுச் சிரிச்சுக்குவோம். எங்க புத்தி அவ்வளவுதான்.

இப்ப மேல வார்டுக்கு வரேன். பொம்பளைங்க வார்டுல ஜன்னலோரக் கட்டில்ல ஒரு அம்மா வந்து சேந்தாங்க. நெஞ்சுக் கோளாறு, மூச்சு வாங்கும். பாக்க வர ஆள் கிடையாது. தலைமாட்டுல ஒரு பட்டன் போன், ஒரு துணிப்பை. நான் ஜன்னலம்மான்னு கூப்பிடுவேன். ‘நீ எந்த ரூம்மா?’ன்னு கேட்டாங்க, மடிப்பு ரூம்னேன். உடனே என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அங்க யாரோ கதை படிப்பாங்களாமே, என்ன கதை?’ன்னாங்க. எனக்குக் கேக்கணுமா? வண்டியை ஓரமா நிறுத்திட்டு, ஒரு நாளைக்கு ஒரு துண்டா மொதல்லேர்ந்து சொல்ல ஆரம்பிச்சேன். அண்ணன் தம்பிங்களைச் சொன்னா கண்ணை மூடிக்குவாங்க. கிழவி வந்தா மட்டும் எழுந்து உக்காருவாங்க. ஒவ்வொரு நாளும் ஒரு வேண்டுகோள் வேற. ‘கதை படிக்கிற பொண்ணு மடிச்ச விரிப்பு இருந்தா அதை எனக்குப் போடச் சொல்லும்மா.’ அக்கா மத்தியானம் மடிக்கறதை ஞாபகமா மேலாப்புல எடுத்து வெச்சுக் குடுப்பேன். ரசிகைன்னா இப்படியில்ல இருக்கணும்னு கீழ வந்து சொல்வேன், எந்தக் கட்டில்னு சொன்னதில்ல. அக்கா குனிஞ்சு சட்டை நாடாவை நீவிக்கிட்டு இருப்பாங்க.

கதவைச் சாத்தின நாளையும் சொன்னேன். ஜன்னலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. ‘நீங்க எல்லாரும் என்ன சொன்னீங்க?’ன்னு கேட்டாங்க. ‘கை தட்டினோம்மா, பின்ன!’ன்னேன். ‘சரிதான்’னாங்க. கொஞ்சம் கழிச்சு, ‘அவ செஞ்சது சரிதாம்மா. தண்ணி குடுத்தாளே, அதுவே பெருசு’ன்னாங்க. நல்ல ஞாயமான அம்மான்னு நினைச்சுக்கிட்டு நான் வண்டியைத் தள்ளிட்டு வந்துட்டேன்.

இந்த நேரத்துலதான் அந்த நாவல் சினிமாவா வந்துச்சு. ஆஸ்பத்திரி எதிர்ல பஸ் ஸ்டாப்புல போஸ்டர் பாத்துட்டு குண்டூசி தலைதெறிக்க ஓடி வந்தா. எங்களுக்குக் கால் தரையில நிக்கல. நாம படிச்ச புஸ்தகம்! ஆமா, காதால கேட்டாலும் படிச்சதுதான். கிழவியா யார் நடிப்பாங்கன்னு ஒரே பந்தயம். ரேடியோக்கா மட்டும் மொதல்லேர்ந்தே முரண்டு பிடிச்சாங்க. தலைவலின்னாங்க. இருட்டுல கண்ணு எரியும்னாங்க. ‘படம் எடுக்கறேன்னு புஸ்தகத்தைக் கொலை பண்ணியிருப்பாங்க, வேண்டாம்டி, யாரும் போக வேண்டாம்’னு கெஞ்சற மாதிரியே சொன்னாங்க. ‘நீங்க வரலன்னா ஆளுக்கொரு கையைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போவோம்’னேன். தூக்காத குறையா இழுத்துட்டும் போனோம்.

கிளம்பறதுக்கு முந்தின நாள் ஜன்னலம்மாகிட்டயும் சொன்னேன். அவங்களைத் திங்கட்கிழமை காலையில வேற ஊரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க, பெரிய ஆபரேஷன். பிழைக்கறது பாதிக்குப் பாதின்னு நர்ஸ் காதோட சொன்னாங்க. ‘படத்தைப் பாத்துட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வந்து சொல்லிடும்மா. கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் ஏதாவது காட்டறானான்னு பாரு’ன்னாங்க. கண்டிப்பா வரேன்னு வாக்குக் குடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியான ஆட்டம். நாலு பேரும் ஒரே வரிசை, ரேடியோக்கா ஓரத்து சீட்டுல. படம் ஆரம்பிச்சதுமே எனக்கு எரிச்சல். பெரிய அண்ணனுக்கு மீசையைக் காணோம். நான் மனசுல வெச்சிருந்தவன் கடா மாதிரி இருப்பான், இவன் ஊதினா பறந்துடுவான் போல. சரி, தொலையட்டும், நமக்கு வேண்டியது அவனா? சமையக்காரி வந்தா. குண்டூசி என் தொடையைக் கிள்ளினா. மழை பெய்யுது. சமையக்காரி பின்கதவுப் பக்கம் நடக்கறா. ‘இப்ப வருவா பாரு, இப்ப வருவா’ன்னு நான் சத்தமாவே சொல்லிட்டேன், முன் வரிசைக்காரன் திரும்பி முறைச்சான். குண்டூசி விசிலுக்கு ரெண்டு விரலை வாய்க்குள்ள வெச்சுட்டா. சமையக்காரி கதவைத் திறந்தா.

பாத்திரம் கழுவின தண்ணியைக் கொட்டினா. கதவைச் சாத்திட்டு உள்ள வந்துட்டா.

எங்களுக்கு ஒண்ணுமே ஓடல. குண்டூசி விரலை வாயிலிருந்து எடுக்கவே மறந்துட்டா. ‘இடைவேளைக்கு அப்புறம் வருவா’ன்னு நானே சொல்லித் தேத்திக்கிட்டேன். இடைவேளைக்கு அப்புறம் அண்ணன் தம்பிங்க அடிச்சுக்கிட்டாங்க, ஒருத்தன் செத்தான், சமையக்காரி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு ஒரு தரம் அழுதா. விளக்கு போட்டுட்டான். பேரெல்லாம் ஓடுது. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசிப் பேர் வரைக்கும் படிச்சேன், கிழவின்னு ஒருத்தியும் இல்ல.

எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. வெளியே டிக்கெட் கிழிக்கறவரைப் பிடிச்சுக்கிட்டேன். ‘நடுவுல வெட்டிட்டீங்களா? யாரு காதுல பூ சுத்தறீங்க? கிழவி எங்கய்யா?’

‘எந்தக் கிழவிம்மா?’

‘சமையக்காரியோட அம்மா! பின்கதவுல வந்து நிப்பாளே, அவதானே கதைக்கே உசுரு!’

மனுஷன் பாவம், பொறுமைசாலி. ‘அம்மா, நான் அந்தப் புஸ்தகத்தை ரெண்டு தரம் படிச்சிருக்கேன். அப்படி யாரும் அதுல வரமாட்டாங்க’ன்னார்.

‘புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுப் படிச்சிருப்பே!’ன்னு குண்டூசி பாஞ்சா. சுத்திக் கூட்டம் கூடிடுச்சு. நான் திரும்பி, ‘அக்கா, புஸ்தகம் பையிலதானே இருக்கு? எடுங்க, இந்தாள் மூஞ்சிக்கு நேரா காட்டுவோம்!’னேன்.

ரேடியோக்கா சுவரோரமா இருந்த பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. பையை ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சிருந்தாங்க.

‘காட்ட ஒண்ணும் இல்லடி. அவர் சொல்றது நிஜம். அவ இதுல இல்ல.’

‘இல்லைன்னா? நீங்கதானே படிச்சீங்க? நாங்க எல்லாம் கேட்டோமே!’

‘படிக்கல. சொன்னேன்.’

பெரியக்கா மெதுவா வந்து பக்கத்துல உக்காந்தாங்க. ‘கிழவி வர்றப்ப நீ பக்கத்தைத் திருப்ப மாட்டே. நான் பாத்திருக்கேன். எழுத்து பொடிப்பொடியா இருக்கும், அதான் ஒரே பக்கத்துல நிறைய போலன்னு நினைச்சுக்கிட்டேன்’னாங்க. வேற நேரமா இருந்தா நான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்.

‘அப்ப எங்கிருந்து வந்தா அவ?’ன்னு கேட்டேன்.

‘என் வீட்டு வாசலுக்குத்தான் வந்தா. அந்த மழை நாள்ல, நான் வேலைக்குக் கிளம்பறப்ப. என்னைப் பெத்தவ. உள்ள வரட்டுமான்னு கேட்டா. ஒண்ணும் சொல்லாம அப்படியே இறங்கி வந்துட்டேன். இங்க வந்து புஸ்தகத்தைப் பிரிச்சா எழுத்தே தெரியல, அவ முகம்தான் தெரியுது. வாய் தானா சொல்லிடுச்சு. நீங்க அப்புறம் அப்புறம்னு கேட்டீங்க. அப்புறம் நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன். யார்கிட்டயாவது சொல்லணும்ல?’

அய்யோ. பென்சில் சீவின குழந்தை. அது இவங்களா? குண்டூசி ‘நாம கை தட்டினோமே’ன்னு முணுமுணுத்தா. அவ கண்ணுல தண்ணி வந்து நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

‘என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல’ன்னாங்க அக்கா. ‘கேக்க எனக்கு யாரு இருக்கா? உங்களைக் கேட்டேன். நீங்க சாத்தச் சொன்னீங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போனேன், அவ வந்தா, சாத்தினேன். மறுநாள் வந்து உங்ககிட்ட சொன்னேன்.’

‘கதைன்னு நினைச்சு சொன்னோம்க்கா! கதைல வர்றவளுக்கு வலிக்குமா என்ன? வாய்க்கு வந்ததைச் சொன்னோம்! நிஜம்னு தெரிஞ்சிருந்தா…’ தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பேன்? சத்தியமா எனக்குத் தெரியல.

பெரியக்காதான் கேட்டாங்க. ‘இப்ப அவ எங்க இருக்கா?’

அக்கா விரலால மேல காட்டினாங்க, ஏதோ நாங்க மடிப்பு ரூம்லயே இருக்கற மாதிரி. ‘நம்ம ஆஸ்பத்திரியில. பொம்பளைங்க வார்டு. டீ நேரத்துல போன் பண்ணுவா. நான் எடுக்கறதில்ல. இங்க சேத்திருக்காங்கன்னு யாரையோ விட்டு மெசேஜ் அனுப்பினா. ஒரு நாள் மாடிப்படி வரைக்கும் போய் வார்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டு வந்துட்டேன். ஜன்னலோரக் கட்டில்.’

நான் அப்படியே அந்தத் தரையில உக்காந்துட்டேன். டிக்கெட்காரர் பதறிப் போய்த் தண்ணி கொண்டு வந்தார். விரிப்பு கேட்டது. கிழவி வந்தா எழுந்து உக்காந்தது. துணிப்பை. தலைமாட்டுலயே இருந்த துணிப்பை! எனக்கு ரெண்டு கண்ணு எதுக்கு இருக்குன்னு தெரியல.

‘அக்கா, நான் அவங்ககிட்ட சொல்லிட்டேன்.’

‘என்னத்தை?’

‘கதையை. மொதல்லேர்ந்து எல்லாத்தையும்.’

அக்கா எழுந்து நின்னுட்டாங்க. ‘கதவைச் சாத்தினதையுமா?’

‘கை தட்டினதையும் சேத்து.’

இத்தனை வருஷத்துல அக்கா ஒருத்தரைக் கை நீட்டி நான் பாத்ததில்ல. அன்னிக்கு என் தோளைப் பிடிச்சு உலுக்கின உலுக்குல என் பல்லு தந்தியடிச்சுது. ‘உன்னை யாருடி சொல்லச் சொன்னா? உன் வாயில ஒரு நாள் மண்ணு விழாதா? சாகக் கிடக்கறவகிட்டயா போய்ச் சொன்னே?’ நான் அப்படியே வாங்கிக்கிட்டேன். உலுக்கி உலுக்கிக் கை ஓஞ்சதும் அவங்களே கேட்டாங்க, குரலே இல்லாம. ‘அவ என்ன சொன்னா?’

‘சரிதான்னு சொன்னாங்க. அவ செஞ்சது சரிதாம்மா, தண்ணி குடுத்தாளே, அதுவே பெருசுன்னு சொன்னாங்க.’

அக்கா வாயைப் பொத்திக்கிட்டாங்க. படத்துல அந்தச் சமையக்காரி அழுதது எல்லாம் ஒரு அழுகையா? இது வேற. சத்தமே வரல, உடம்பு மட்டும் குலுங்குது. நான் கூடவே மிச்சத்தையும் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வேற ஊருக்குக் கொண்டு போறாங்க, ஆபரேஷன், பாதிக்குப் பாதின்னு. பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்குன்னு.

அக்கா எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. அன்னிக்குப் புஸ்தகத்தை விரல் வெச்சு மூடிக்கிட்டுப் பாத்த அதே பார்வை. ‘நீங்க சொல்லுங்க. போகட்டுமா, வேண்டாமா?’

வாய் வரைக்கும் வந்துடுச்சு எனக்கு. போங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். குண்டூசி என்னைப் பாக்கறா, நான் குண்டூசியைப் பாக்கறேன். பெரியக்கா மட்டும் சொன்னாங்க, ‘இந்தத் தடவை எங்களைக் கேக்காதே. அது உன் வீட்டுக் கதவு.’

அக்கா பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடக்க ஆரம்பிச்சாங்க. நாங்க பின்னாலயே ஓடினோம். பஸ்ஸுல டிரைவருக்குப் பின் சீட்டு காலியா இருந்துச்சு, அங்க போய் உக்காந்துக்கிட்டாங்க. வழி பூரா ஒரே ஒரு வாட்டிதான் பேசினாங்க. ‘மன்னிக்கறதுக்குன்னு போகல. ஏன் போனேன்னு கேக்கணும். அவ்வளவுதான்.’ சரிக்கான்னு மட்டும் சொன்னேன்.

வார்டு வாசல்ல பெரிய ஸ்பிரிங் கதவு. வண்டி தள்ளிட்டு வர்றப்ப நான் காலாலதான் முட்டுக் குடுப்பேன், விட்டா பட்டுனு வந்து அடைச்சுக்கும். பெரியக்காவும் குண்டூசியும் படிக்கட்டுலயே நின்னுட்டாங்க. நான் மொதல்ல தலையை நீட்டினேன். ஜன்னலம்மா என்னைப் பாத்ததும் கையை ஊனி எழுந்து உக்காந்தாங்க.

‘வந்துட்டியா? படம் எப்படி இருந்துச்சு? கிழவி வந்தாளா?’

எனக்குப் பேச்சு வரல. எனக்கு! கதவைக் காலால நெம்பிப் பிடிச்சுக்கிட்டு ஒதுங்கி நின்னேன். எனக்குப் பின்னால ரேடியோக்கா.

ஜன்னலம்மா கை விரிப்பை இறுக்கிப் பிடிச்சுது. முந்தின நாள் அக்கா மடிச்சு, நான் மேலாப்புல வெச்சுக் கொண்டு வந்து குடுத்த விரிப்பு. அக்கா வாசப்படியைத் தாண்டல. மெஷின் சத்தத்தை எல்லாம் தாண்டி வர்ற அந்தக் குரல், பக்கத்துல நின்ன எனக்கே சரியா கேக்கல.

‘உள்ள வரட்டுமா?’

ஜன்னலம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க. அழுவாங்கன்னு நினைச்சேன், கையெடுத்துக் கும்பிடுவாங்கன்னு நினைச்சேன். அதெல்லாம் இல்ல.

‘இப்பத்தான் ஆயா தரையைத் துடைச்சுட்டுப் போனா. வழுக்கும். பாத்து வாடி.’

அக்கா ஒவ்வொரு அடியா வெச்சு உள்ள போனாங்க. பார்வையாளர் நேரம் முடிஞ்சு போச்சுன்னு நர்ஸ் வந்து சொன்னாங்க, கதவை விடுன்னாங்க. என் கால் மரத்துப் போயிருந்துச்சு. ஆனாலும் அந்தக் கதவை நான் சாத்த விடல.